சொல்லிக்கொள்ளாமல்

வெள்ளைக்காரிக்கு அழவே தெரியாது என்று என் நாத்தனார் அடித்துச் சொல்வாள். என் மூத்த பிள்ளையைச் சவப்பெட்டியில் வைத்திருந்த அன்று எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அவள் வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. என் கையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

எழுபதுகளில் இடையஞ்சாவடிப் பக்கம் வந்து குடியேறிய வெளிநாட்டுக்காரர்களில் ஒருத்தி அவள். அவர்களுடைய சமையலுக்கு உப்பு வாங்க, அவ்வப்போது ஜீப்பை ஓட்டிக்கொண்டு மரக்காணத்தில் எங்கள் உப்பளத்துக்கு வருவாள். அவள் பாஷை எனக்கு வராது. கண்ணாலும் கையாலும்தான் பேச்சு. கிளம்பும்போது என்ன சொல்ல வேண்டும் என்று மட்டும் என் வீட்டுக்காரர் கற்றுக்கொடுத்திருந்தார். அவளுக்குத் தெரிந்த தமிழே அவ்வளவுதான்.

அன்று எழுந்தவள், கையைக் கூப்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அதைச் சொல்லிவிட்டாள்: "போயிட்டு வரேன்."

அழுகைச் சத்தம் அப்படியே நின்றது. இழவு வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. வாய் திறக்காமல், திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். வரேன் என்றால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று அர்த்தம். "அடிப்பாவி, மறுபடியும் வர்றேன்றாளே!" என்று நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கு மிச்சமிருந்தது ஒரே பெண், இரண்டு வயசு.

அதற்கப்புறம் எனக்குத் தூக்கம் போயிற்று. காற்றில் கதவு ஆடினாலும் அவள்தான் வந்துவிட்டாள் என்று எழுந்து உட்காருவேன். உப்பளத்தில் மறைப்பு ஏது? ஜீப் வெகு தூரத்திலேயே தெரிந்துவிடும். பெண்ணைத் தூக்கிக்கொண்டு கதவைச் சாத்திவிடுவேன். அதெல்லாம் மூடநம்பிக்கை என்றார் மாதா கோயில் சாமியார். அவருக்கென்ன, பிள்ளையா குட்டியா!

மறு கோடையில் பெண்ணுக்குக் காய்ச்சல் கண்டு, பட்டப்பகலில் வலிப்பு வந்தது. வீட்டுக்காரர் ஊரில் இல்லை. அன்றைக்குப் பார்த்தா அவள் வந்து நிற்க வேண்டும்! நாத்தனார் வாசலிலேயே அவளை மறித்தாள். உதட்டில் விரலை வைத்தாள், பேசாதே. ரோட்டைக் காட்டினாள், போ. தோளைப் பிடித்துத் திருப்பினாள், பார்க்காதே. அவள் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினாள்.

அதற்குள் நான் பெண்ணோடு வெளியே வந்துவிட்டேன். ஒரு பார்வைதான், அவள் ஓடிப்போய் ஜீப்பைத் திறந்தாள். ஜீப் உயரம், பிள்ளையோடு ஏற முடியாது. "அவகூடப் போகாத" என்று கத்திக்கொண்டு நாத்தனார் என் கையைப் பிடித்து இழுத்தாள். வெள்ளைக்காரியோ இரண்டு கையையும் நீட்டியபடி நின்றாள். பிடுங்கவில்லை, கொடு என்று சைகைகூடக் காட்டவில்லை. நாத்தனாரை உதறினேன். கொடுத்தேன். துவண்ட தலையை அவள் உள்ளங்கையில் தாங்கிக்கொண்ட விதத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

பாண்டி ஆஸ்பத்திரியில் பெண் பிழைத்தாள். சில நாள் கழித்து அவளே எங்களைக் கொண்டுவந்து விட்டாள். பெண்ணை வாசலில் இறக்கிக் கன்னத்தைத் தடவினாள். பிறகு உதட்டில் விரலை வைத்துக்கொண்டு, திரும்பி நடந்தாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிள்ளை உயிரோடு நிற்கிற வீடு இது! "சொல்லிட்டுப் போங்க!" என்று பின்னாலேயே ஓடினேன். "ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க!" அவள் திரும்பவில்லை. அப்படித்தானே நாங்கள் கற்றுக்கொடுத்திருந்தோம்.

அடுத்த தடவை உப்புக்கு வேறொரு வெள்ளைக்காரர் வந்தார். அவள் உயரத்தைக் கையால் காட்டி, எங்கே என்று கேட்டேன். அவர் விரலால் வானத்தைக் காட்டினார்.

ஏரோப்ளேனில் தன் ஊருக்குப் போய்விட்டாளா, மோட்சத்துக்கே போய்விட்டாளா? இதைக் கேட்க எனக்குக் கைஜாடை தெரியவில்லை. அவரும் மூட்டையை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

கல்லறைத் திருநாள்தோறும் இரண்டு மெழுகுவத்தி வாங்குகிறேன். ஒன்றை என் பையன் கல்லறையில் ஏற்றுகிறேன். மற்றதைக் கொளுத்த மனசு வராமல் வீட்டுக்கே திரும்பக் கொண்டுவந்துவிடுகிறேன்.