நாற்காலியும் தரையும்

குணமாகாத நோய்க்கும் பயிற்சி தருவது எங்கள் இயன்முறை மருத்துவத் தொழில். தசைச்சிதைவு நோயாளியோடு வாழ்ந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

கெண்டைக்கால்

எங்கள் தீவில், லவுத்தோக்கா சர்க்கரை ஆலையில் எழுத்தராக இருந்த ராஜு, முப்பது வயதில் மாடிப்படி ஏறத் திணறினார். தரையிலிருந்து எழ, இரு கைகளாலும் தம் தொடைகளைப் பற்றி ஏற வேண்டியிருந்தது. அவருடைய கெண்டைக்கால்களோ பருத்துத் திரண்டிருந்தன. அது பலமன்று, நோயின் அடையாளம் என்று எடுத்துச் சொன்னேன். அவர் மனைவி சாந்தா நம்பவில்லை.

“இந்தக் காலுக்கா சீக்கு? கரும்பு வண்டியையே தள்ளும்மா இது.”

கரும்புக்கட்டு

குதிகால் தசைநாண் இறுகாதிருக்க, தினமும் பத்து நிமிடம் பாதத்தை மெல்ல மேல்நோக்கி மடக்கிப் பிடிக்கச் சொன்னேன். சாந்தாவுக்கு அது போதவில்லை. புலிலேகா ஊரிலிருந்து வந்த தன் அண்ணனோடு சேர்ந்து, கணவரைக் காலையும் மாலையும் கரும்புக்கட்டு சுமக்க வைத்தாள். பத்தாம் நாள் அவரால் தலைவாரக்கூடக் கை தூக்க முடியவில்லை. இழந்த அந்தப் பலம் திரும்பவேயில்லை. நான் சாந்தாவைக் கடிந்துகொண்டேன்.

“இந்தியாவுலேருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கூலியா வந்தவங்க பேரப்புள்ளைங்கம்மா நாங்க. சொமந்தா பலம் வரும்னுதான் எங்களுக்குத் தெரியும்.”

ஒத்திகை

எண்பத்தேழில், இந்திய வம்சாவளியினர் பலர் இருந்த அரசைக் கவிழ்த்து ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. எங்களவர்களெல்லாம் கடவுச்சீட்டைத் தேடினார்கள். ராஜுவின் குடும்பம் நியூசிலாந்துக்கு விண்ணப்பித்தது. மருத்துவச் சோதனையில் அவர் ஒருவர் தவறினாலும் மனைவி, இரண்டு மகள்கள் உட்பட நால்வருக்கும் அனுமதி கிடையாது. உயரமான நாற்காலியிலிருந்து தொடையில் கை வைக்காமல் எழவும், பத்தடி தள்ளாடாமல் நடக்கவும் ஆறு வாரம் பழக்கினேன். அது சரியன்று என்று அறிந்தேதான் செய்தேன். ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த என் சக ஊழியை மேசையைக் காலி செய்தபடியே சொன்னாள்:

“நீங்க வைத்தியம் பண்ணலை அக்கா, நாடகத்துக்கு ஒத்திகை பாக்கிறீங்க.”

சோதனை

நாற்காலியிலிருந்து எழுந்தார், நடந்தார். மருத்துவர் பாராட்டவும் செய்தாராம். பிறகு, தரையில் குந்தி எழச் சொன்னார். கைகள் தாமாகவே தொடைகளுக்குப் போயின. மறுநாள் ராஜு என்னிடம் வந்தார். அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

“நாற்காலிக்குத்தாம்மா தயாரா போனேன். அவர் தரையைக் காட்டிட்டாரு.”

கையெழுத்து

விண்ணப்பம் தள்ளுபடியானது. மற்ற மூவராவது போகட்டும் என்று, மனைவியைப் பிரிந்து வாழ்வதாக ராஜு எழுதிக் கொடுத்தார். சாந்தாவும் இரண்டு மகள்களும் புதிதாக விண்ணப்பித்துப் போய்விட்டார்கள். விமான நிலையத்துக்குப் போகும் வழியில் சாந்தா என்னிடம் வந்து, அவர் பாதத்தை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று மறுபடி கேட்டுக்கொண்டாள். இனி யார் பிடிப்பார்கள் என்று நான் கேட்கவில்லை.

“காயிதத்துலதாம்மா பிரிவு.”

முதல் ஆண்டு கடிதங்கள் வந்தன. பிறகு கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை மட்டும். செவ்வாய்தோறும் ராஜுவின் பாதங்களை நானே பிடித்தேன். சக்கர நாற்காலிக்கு வந்துவிட்ட பின்னும் அவர் ஒரு வாரம்கூடத் தவறவில்லை. இனி இது எதற்கு என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

“குதிகால் தரையில படணும்மா. அவங்க வந்தா, நின்னுக்கிட்டுக் கதவைத் திறக்கணும்.”

நடக்கத் தெரிந்தவர்கள் எல்லோரும் நாட்டைவிட்டே நடந்துவிட்ட காலத்தில், இனி நடக்க இயலாத ஒருவரின் பாதத்தைப் பதினோரு ஆண்டுகள் நேராகவே வைத்திருந்தேன் என்பதுதான் என் தொழில்வாழ்வின் சாதனை.