உறுப்புக்கு ஒரு சீசா

என் மருமகள் நல்ல பெண். அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். பொன்னேரியிலிருந்து வரும்போதெல்லாம் ஒரு பை நிறைய டப்பா கொண்டுவந்து என் அலமாரியில் அடுக்குகிறாள். ஈரலுக்கு ஒன்று, சிறுநீரகத்துக்கு ஒன்று, இதயத்துக்கு ஒன்று, ஞாபகசக்திக்கு ஒன்று. எல்லாம் மூலிகையாம். மருந்துகூட இல்லையாம், அந்தந்த உறுப்புக்குத் துணையாம். இத்தனை வருஷம் துணையில்லாமல் உழைத்த ஈரலுக்கு இப்போது எதற்கம்மா துணை என்று கேட்கத் தோன்றும். கேட்க மாட்டேன். எனக்கு யாரையும் எதையும் கேட்டுப் பழக்கமில்லை.

“எங்க வலிக்குதுன்னு சொன்னாத்தானே அத்தே தெரியும்?” என்பாள்.

முட்டி என்பேன். எது வலித்தாலும் முட்டி என்றுதான் சொல்வது. முட்டியைச் சொல்வதில் வெட்கம் ஒன்றுமில்லை.

அந்த டப்பாக்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல் வருகிறது. அது அவள்மேல் வரும் எரிச்சல் இல்லை. மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது வந்து, இன்னும் போகாமல் இருக்கிற எரிச்சல்.

அப்போது நாங்கள் ஏரிக்கும் கடலுக்கும் நடுவில், மணல் திட்டில் இருந்த ஊரில் இருந்தோம். பழவேற்காட்டுக்குப் போக வேண்டுமென்றால் படகுதான். நைனாவுக்கு, அதான் அப்பாவுக்கு, அண்ணன் ஒருவர், எனக்குப் பெரியப்பா. இளம் வயதில் படகு தள்ளும்போது இடுப்பு ஒடிந்து, அதற்குப் பிறகு தொழிலுக்குப் போக முடியாதவர். சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் திருப்பாலைவனத்தில் ஓமியோபதி வைத்தியர் ஒருவர் வீட்டில் எடுபிடியாகச் சேர்ந்தார். வைத்தியர் வயதாகித் தொழிலை விட்டபோது, பழைய மருந்துப் பெட்டியை இவருக்குக் கொடுத்துவிட்டார். அதைத் தலையில் வைத்துக்கொண்டு, வலை நிறைய மீன் பட்டவர் மாதிரி பெரியப்பா ஊர் வந்து இறங்கினார்.

பெட்டி நிறைய விரல் உயரச் சீசாக்கள். உள்ளே கடுகைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளைச் சீனி உருண்டைகள். அதோடு தனக்குத் தெரிந்த பச்சிலையையும் சேர்த்துக்கொண்டார். ஈரலுக்கு ஒரு சீசாவும் கீழாநெல்லியும். சிறுநீரகத்துக்கு ஒரு சீசாவும் சிறுபீளைக் கஷாயமும். நெஞ்சுக்கு ஒரு சீசாவும் மருதம்பட்டையும். தலைக்கு வல்லாரை. ஏன் இப்படித் தனித்தனியாக என்று யாராவது கேட்டால் அவரிடம் பதில் தயாராக இருக்கும்.

“எறா வலையில கொடுவா நிக்குமா? ஒவ்வொரு மீனுக்கும் ஒவ்வொரு கண்ணி. ஒறுப்பும் அதே மாதிரிதான்.”

எங்கள் ஆட்களுக்கு இதைவிட நன்றாக வேறு எப்படி விளங்கும்? எல்லோரும் நம்பினார்கள். ஆனால் பத்தியம்தான் யாராலும் முடியாது. உருண்டையைக் கையால் தொடக் கூடாது. வெங்காயம், பூண்டு, காப்பி ஆகாது. பக்கத்தில் வாடை வீசினால் மருந்தின் சக்தி ஓடிவிடும். பிறந்த குழந்தைமேலும் கருவாட்டு வாடை அடிக்கிற ஊரில் இப்படி ஒரு மருந்து. அதனால் பெரியப்பா சீசாவைத் திறக்கும் முன்பு காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, வந்தவரைக் கடல் பக்கமாக உட்கார வைப்பார். பெட்டியைத் தன் முதுகால் மறைத்துக்கொள்வார்.

அம்மா ஏரியில் கையால் இறால் பிடிக்கிறவள். இடுப்பளவு தண்ணீரில் குந்தி, சேற்றைத் துழாவி, பிடித்ததைப் போடுகிற ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டே போக வேண்டும். இரண்டு கையும் சேற்றில் இருக்கும்போது பறியை வேறு எங்கே வைப்பது? அந்த வருஷம் நைனா வலையோடு வடக்கே ஆந்திரா பக்கம் போயிருந்தார். அம்மாவின் பறிதான் எங்கள் சோறு. அப்படிப்பட்ட அம்மா ஒரு நாள் ஏரிக்குப் போகாமல் பாயில் சுருண்டு படுத்துக்கொண்டாள்.

செய்தி பெரியப்பாவுக்குப் போயிற்று. அவர் என்னைக் கூப்பிட்டார். அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி.

ஏனென்றால் அம்மாவும் அவரும் பேசிக்கொள்ள முடியாது. புருஷனுடைய அண்ணன், அதாவது மச்சாண்டார், எதிரில் எங்கள் பக்கத்துப் பெண்கள் நிற்க மாட்டார்கள். அவர் தெருவில் வந்தால் அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுத் திரும்பி நிற்பாள். சரி, பெரியம்மாவாவது நடுவில் இருந்து பேசக் கூடாதா? அவளுக்கும் அம்மாவுக்கும் இறால் காயவைக்கிற இடத்துக்காகச் சண்டை வந்து, வெகு நாளாகப் பேச்சு இல்லை. மிச்சம் இருந்தது என் இரண்டு கால்கள்.

“உங்கம்மாவுக்கு இன்னாவாம்? எங்க வலிக்குதாம்? கேட்டுகினு வா” என்றார் பெரியப்பா.

சுடுமணலில் ஓடிப்போய்க் கேட்டேன். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு, வயிறு என்றாள். ஓடிவந்து சொன்னேன். வயிற்றுச் சீசா வந்தது. தாளில் கொட்டிக் கொடுத்த உருண்டையைக் கை படாமல் கொண்டுபோனேன். மறுநாள் கேட்டால் இடுப்பு என்றாள். சிறுநீரகச் சீசா வந்தது, சிறுபீளை பறித்துவரும் வேலையும் எனக்கு வந்தது. அடுத்து, எழுந்தால் தலை சுற்றுகிறது என்றாள். வல்லாரை. அதற்கு அடுத்து, முகம் வெளுத்துவிட்டது என்று நான்தான் பார்த்துச் சொன்னேன். ஈரல் என்று முடிவு செய்து கீழாநெல்லி அரைத்தார். பிறகு நடந்தால் நெஞ்சு படபடக்கிறது என்றாள். மருதம்பட்டை கொதித்தது.

நல்லவேளை, பறியை வாயில் கடிக்கக் கூடாது, மருந்து முறிந்துவிடும் என்று அவரே சொல்லிவிட்டதால் அம்மா ஏரிக்குப் போகாமல் இருந்தாள். இல்லாவிட்டால் போயிருப்பாள்.

நான் மருந்தோடு போகும்போதெல்லாம் பெரியம்மா தன் வாசலில் இறால் உலர்த்திக்கொண்டே வம்பு இழுப்பாள்.

“குடுத்து வச்சவடி உங்கம்மா. ராணி மாதிரி படுத்துகினு கீறா. இன்னிக்கு எந்த ஒறுப்பு?”

எனக்கு அழுகையாக வரும். பள்ளிக்கூடம் போய் எத்தனையோ நாள் ஆகியிருந்தது. இந்த ஓட்டம் மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை, தண்ணீர் வேறு. ஏரித் தண்ணீர் உப்பு. நல்ல தண்ணீருக்கு மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு ஊற்றிக் குடம் நிரப்ப வேண்டும். குடிக்க ஒரு குடம் போதும். அம்மாவோ குடம் குடமாகக் கேட்டாள். பொழுது விடியும்போதே வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து தன் துணியைத் தானே அலசிக்கொள்வாள். நான் பக்கத்தில் போனால் விரட்டுவாள். உப்புத் தண்ணீரில் அலசு என்றால் கறை போகாது என்பாள். என்ன கறை என்று கேட்டால் அடுத்த குடத்துக்கு அனுப்புவாள்.

பெரியப்பாவிடம் போனால் அங்கேயும் ஒரே பல்லவி. நான் சொல்வதையெல்லாம் கேட்பார். உருண்டையைக் கொட்டுவார். கொட்டிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், பெட்டியின் மூடியைத் தடவிக்கொண்டே கேட்பார்.

“வேற? வேற எங்கனா வலிக்குதாமா?”

அதைக் கொண்டுபோய் அம்மாவிடம் கேட்பேன். அம்மா கண்ணை மூடிக்கொள்வாள். “வேற ஒண்ணும் இல்லன்னு சொல்லு” என்பாள். அதைத் திருப்பிக் கொண்டுவந்து சொல்வேன். அவர் தலையை ஆட்டுவார். மறுநாளும் அதே “வேற?”

இந்த மனுஷருக்கு வைத்தியமே தெரியாது, அம்மாவுக்குத் தன் உடம்பில் எங்கே வலி என்பதே தெரியாது, நடுவில் என் கால்தான் தேய்கிறது என்று நினைத்தேன். ஒரு நாள் பொறுமை போய்விட்டது. ஊற்றில் மொண்டு மொண்டு கையெல்லாம் மரத்துப்போயிருந்தது. அவர் வழக்கம்போல “வேற?” என்றதும் குடத்தை அவர் முன்னால் தொப்பென்று வைத்தேன்.

“எல்லாச் சீசாவும் குடுத்துட்ட பெரிப்பா. தண்ணிக்கு ஒரு சீசா குடு. அம்மா தெனம் துணி அலசுது, தண்ணி செவப்பாவே போவுது. என்னால மொள்ள முடியல.”

பெரியப்பா குடத்தைப் பார்த்தார். திறந்திருந்த சீசாவை மூடினார். பெட்டியை மூடினார். இடுப்பு ஒடிந்த மனிதர் அவ்வளவு வேகமாக எழுந்து நான் பார்த்ததில்லை. வாசலில் இறால் உலர்த்திக்கொண்டிருந்த பெரியம்மாவைப் பார்த்து, “நீ போ. இப்பவே போ” என்று மட்டும் சொன்னார். பெரியம்மா என்ன ஏது என்று கேட்கவில்லை. இறால் தட்டைக் காக்காய்க்கு விட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு ஓடினாள்.

போனவள் வாசலில் நின்று கத்துவாள், பழைய சண்டை கிளம்பும் என்று நினைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். அவளோ அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, “பாவி, பொம்பள நான் ஒருத்தி பக்கத்துல இல்ல? என்கிட்ட சொல்றதுக்கு இன்னாடி?” என்று அழுதுகொண்டிருந்தாள். அம்மாவும் அழுதாள். இறால் காயவைக்கிற இடத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

அம்மாவை ஒரு கட்டிலில் கிடத்தித் தூக்கிக் கரைக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் பொழுதில் ஒரு படகும் கரையில் இருக்காது, எல்லாம் தொழிலுக்குப் போயிருக்கும். எங்கள் அதிர்ஷ்டம், ஒன்றே ஒன்று இருந்தது. படகுக்காரர் பாயைக் கட்டிக்கொண்டே முணுமுணுத்தார். “எப்ப கூப்புடுவாங்கன்னு நேத்துலேர்ந்து ஒக்காந்துகினு கீறேன். இப்பதான் வழி பொறந்துச்சு.” சரியான சோம்பேறி என்று நினைத்தேன். பழவேற்காட்டில் இறங்கி, பஸ்ஸில் பொன்னேரி ஆஸ்பத்திரி. பெரியம்மா கூடவே போனாள். பெரியப்பா கரையிலேயே நின்றார். மச்சாண்டார் ஒரே படகில் உட்கார முடியாதல்லவா?

அம்மா பிழைத்தாள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இல்லை என்று டாக்டரம்மா சொன்னதாகப் பெரியம்மா ஊரெல்லாம் சொன்னாள். எனக்குத் தம்பியோ தங்கையோ ஒன்று வயிற்றில் தங்காமல் போயிருக்கிறது, அதன் பிறகு உதிரம் நிற்கவே இல்லை என்பதெல்லாம் எனக்கு யாரும் சொல்லவில்லை. வயிறு, இடுப்பு, தலை, நெஞ்சு என்று அம்மா சொன்னது ஒன்றும் பொய்யில்லை. படகில் ஓட்டை ஒன்றுதான். தண்ணீர் நின்ற இடத்தையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், ஓட்டையைத் தவிர.

வீட்டுக்கு வந்ததும் என்னை மடியில் வைத்துக் கொஞ்சுவாள் என்று பார்த்தேன். தொடையில் கிள்ளினாள். “யார்கிட்ட இன்னா பேசறதுன்னு தெரியாது ஒனக்கு?” என்றாள். நாலு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. உயிரைக் காப்பாற்றியவளுக்குக் கிள்ளு. யாரிடம் போய்ச் சொல்வது? பெரியப்பாவிடம் போனேன். அவர் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு சீசாவைத் திறந்து, பத்தியம், வாடை, கை படாமல் என்று எதுவும் சொல்லாமல், உள்ளங்கை நிறைய உருண்டைகளைக் கொட்டினார். எந்த உறுப்புக்கு என்று கேட்டேன். “சும்மா துன்னு” என்றார்.

வெறும் சீனிதான். தின்றுகொண்டே, இவருக்கு இனி யாரும் வைத்தியத்துக்கு வர மாட்டார்கள் என்று நினைத்தேன்.

கல்யாணமாகி, எனக்கும் ஒரு மச்சாண்டார் வாய்த்து, அவர் வரும்போது முக்காட்டை இழுத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்ற பிறகுதான் அந்தப் படகுக்காரர் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. அதற்கு முந்தின நாளே போய் அவரைத் தொழிலுக்குப் போகாமல் கரையில் இருத்தி வைத்தவர் யார் என்று நான் அதுவரை யோசிக்கவே இல்லை. அம்மாவுக்கு வலி எங்கே என்று தெரியாது, பெரியப்பாவுக்கு வைத்தியம் தெரியாது என்று அத்தனை வருஷம் நினைத்திருந்தேன். இரண்டு பேருக்குமே தெரிந்திருந்தது. அவளால் சொல்ல முடியவில்லை, அவரால் கேட்க முடிந்தது “வேற?” மட்டும்தான். நடுவில் ஓடிக்கொண்டிருந்த எனக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை. அதனால்தான் என்னால் சொல்ல முடிந்தது.