அரைப் பங்கு உழைப்பு

இருபத்திரண்டு வருடம் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தே கழித்த தையல்காரம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. "உட்கார்ந்தே இருக்காதீங்க, நடங்க" என்றார் டாக்டர். இவர் நேராகப் போய், கணவருடைய சித்தப்பாவின் தரிசு நிலத்தில் ஓர் ஏக்கரைக் குத்தகைக்குக் கேட்டுவிட்டார்.

"நடக்கச் சொன்னா நிலத்தையே வாங்கிக்கிறியே!" என்று கணவர் சிரித்தார்.

வாய்ப்பேச்சில் கிடைத்த அந்த நிலத்தில் நட்ட கத்தரிச் செடிகள் முதல் கோடையிலேயே கருகின. புதிதாக விவசாயத்துக்கு வருபவர்களுக்குச் சொட்டுநீர்க் குழாய் போட அரசு பாதிச் செலவு தரும் என்று கேள்விப்பட்டு விவசாய அலுவலகத்துக்குப் போனார். ஜன்னலில் இருந்த குமாஸ்தா மனுவைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"நிலம் உங்க பேர்ல இல்லையேம்மா."

தையல்காரம்மா விதிமுறைப் புத்தகத்தை வாங்கி வந்து, வெட்டுமேசையில் விரித்துவைத்து வரிவரியாகப் படித்தார். ஐந்து வருடக் குத்தகைப் பத்திரம் இருந்தால் போதும் என்று ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது. மீதிப் பாதியைப் பணமாகத் தராமல் உடலுழைப்பாகவும் தரலாம் என்று அதற்குக் கீழேயே இருந்தது.

சித்தப்பாதான் பிடிகொடுக்கவில்லை. "கையெழுத்துப் போட்டா நிலம் கவர்மெண்டுக்குப் போயிடும்."

"குழாய்தான் வரும் மாமா, நிலம் எங்கேயும் போகாது. நீங்களே படிச்சுப் பாருங்க."

அவர் மூன்று நாள் படித்தார். நான்காம் நாள் பேனா கேட்டார்.

மனு ஏற்கப்பட்டது. குழாய் பதிக்கும் வாய்க்காலைத் தன் பங்கு உழைப்பாகத் தையல்காரம்மாவே வெட்ட வேண்டும். கயிறு கட்டி, சுண்ணாம்பால் கோடு போட்டு, கணவரோடு ஐந்து வாரம் வெட்டினார். அளந்து பார்க்க ஆய்வாளர் வரவிருந்ததற்கு முந்தின நாள் கொட்டிய மழையில் பாதி வாய்க்கால் சரிந்து மூடிக்கொண்டது.

மேலாக மண்ணை வழித்துவிட்டு, இருக்கிறதைக் காட்டிச் சமாளிக்கலாம் என்றார் கணவர். தையல்காரம்மா போனை எடுத்தார்.

"சார், நாளைக்கு வராதீங்க. வாய்க்கால் சரிஞ்சுபோச்சு. இரண்டு வாரம் கொடுங்க, மறுபடி வெட்டிடறேன்."

ஆய்வாளர் சொன்னார்: "பதினெட்டு வருஷ சர்வீஸ்ல, வராதீங்கன்னு காரணத்தோட சொன்ன முதல் ஆள் நீங்கதாம்மா."

இரண்டு வாரம் கழித்து அவர் வந்து டேப்பை நீட்டினார். கேட்டதைவிட ஒரு விரற்கடை கூடுதல் ஆழம். அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

குழாய் திறந்த அன்று, கத்தரிக்கன்றுகளின் அடியில் மண் வட்டம் வட்டமாகக் கறுத்தது. தையல்காரம்மா வரப்பிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

அடுத்த வாரம் குத்தகைக்காரர்கள் நான்கு பேர் மனுத் தாளோடு அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். மிஷினை ஓரம் தள்ளி நாற்காலி போட்டார். "முதல்ல ஒன்பதாம் பக்கத்தைப் படிங்க" என்றார்.