கச்சிமுகம்மது போட்ட கூரை

மருதமுனையில் கைத்தறி நெய்து பிழைத்த சுபைறா, கணவர் மௌத்தாகிப் போன பிறகு, தென்னங்கிடுகுக் கூரையைக் கழற்றி ஓடு போட முடிவெடுத்தாள். மகள் கைருன்னிஸாவுக்கு அந்த வீடுதான் சீதனம். வீட்டு வேலை எடுத்துச் செய்யும் கொந்தராத்துக்காரன் கச்சிமுகம்மது வந்து சுவரைத் தட்டிப் பார்த்தான்.

"எல்லாம் வைரம் பாஞ்ச முதிரைக் கைமரம் ராத்தா. புயலடிச்சாலும் அசையாது."

சொன்னபடி கூரையைப் போட்டுக் கொடுத்துக் காசும் வாங்கிப் போனான். ஐம்பத்து மூன்றாம் ஆண்டு மாரியில் ஒருநாள் பகல் கடற்காற்று ஏறி அடித்தது. கூரையின் பாதி தறியின் மேல் இறங்கியது. தறியில் இருந்தவள் கைருன்னிஸா. ஆசுபத்திரியில் இடது கையைக் காப்பாற்றினார்கள், விரல்கள் மடங்கவில்லை. நெசவு போனது. பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டாரும் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை.

சுபைறா அழவில்லை. ஓட்டுக் குவியலுக்குள் இறங்கி ஒரு கைமரத்தை உடைத்தாள். வெளியே தார்ப்பூச்சு. உள்ளே இளந்தென்னை, உளுத்துப்போய் உதிர்ந்தது. அந்தத் துண்டோடு கூரை போட்டவனைத் தேடிப் போனாள்.

"அல்லாஹ் அனுப்பின காத்துக்கு நான் என்ன செய்ய?" என்றான் கச்சிமுகம்மது, வெற்றிலையை மென்றபடி.

மெல்லும் அந்த வாயையே அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். "மரத்துக்குத் தார் பூசினதும் அல்லாஹ்வா?"

அதற்குப் பிறகு அவன் வேலை பேசப் போன இடமெல்லாம் அவளும் போனாள். சாய்ந்தமருதில் நெல் வியாபாரி அபூசாலியின் வீட்டில் அவன் பாயில் உட்கார்ந்திருக்கையில், உடைந்த மரத்துண்டை நடுவில் வைத்தாள்.

"இது இவர் போட்ட முதிரை. வெரலால நோண்டிப் பாருங்க."

அபூசாலி நோண்டினார். நகத்தோடு தூள் வந்தது. கச்சிமுகம்மது சால்வையை உதறி எழுந்து போனான். சம்மாந்துறையிலும் அதேதான் நடந்தது. தன்னை அறியாத ஊர் என்று அவன் பொத்துவிலுக்கு பஸ் ஏறினால், பின் சீட்டில் அவள் இருந்தாள். மகளின் கையைக் காட்டினால் இன்னும் நன்றாக நம்புவார்கள் என்று பக்கத்து வீட்டு சபூறா சொன்னபோது மட்டும் சுபைறா சீறினாள்.

"என்ட புள்ளயக் காட்சிக்கு வைக்க மாட்டன்."

அடுத்த மாரிக்கு முன் அவனே வந்தான். கூலியாட்களை ஏவாமல் தானே ஏறிக் கூரை போட்டான். மேலே போகுமுன் ஒவ்வொரு மரத்தையும் அவள் கத்தியால் கீறிப் பார்த்தாள். வேலை முடிந்ததும், "இனி என்னய உட்டுடுங்க ராத்தா" என்றான்.

"மழ வரட்டும்."

மழை வந்தது. தென்னைகள் தலைவிரித்து ஆடிய ஒரு பிற்பகலில் ஆளனுப்பி, பெண்சாதி பிள்ளையோடு அவனைக் கூப்பிட்டாள். ஊரில் பிழைக்க வேண்டுமே, வந்தான். அவனுடைய சின்ன மகளைக் அன்று கைருன்னிஸா இருந்த அதே தறியடியில் உட்காரச் சொன்னாள்.

காற்று ஓடுகளை உலுக்கியது. கச்சிமுகம்மதுவின் கண் கூரையை விட்டு இறங்கவில்லை. ஒரு தென்னோலை முறிந்து மேலே விழுந்த சத்தத்தில் பாய்ந்து மகளை மூடிக்கொண்டான். அவன் முதுகு நடுங்குவதை சுபைறா ஆசைதீரப் பார்த்தாள்.

கைருன்னிஸா வந்து, நல்ல கையால் அந்தப் பிள்ளையைத் தூக்கி எடுத்தாள். "உம்மா, போதும்."

"எனக்குப் போதாது."

கூரை தாங்கியது. மழை விட்டதும் அவன் வாசலில் நின்றான். "மன்னிச்சிட்டன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்க."

"கூர நல்ல கூர. கேக்கிற ஆக்களுக்கு அதையும் சொல்லுவன். வேற ஒண்டும் என்னட்டக் கேக்காத."

சொன்னபடியே சொன்னாள், அவனுக்கு மறுபடி வேலை கிடைத்தது. ஆனால் தெருவில் அவன் ஸலாம் சொன்னால், அவள் கடைசிவரை பதில் சொல்லவில்லை.