பஸ் ஸ்டாண்டில் ஒரு சின்னச் சந்தேகம்

போன ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்தில் ஒரு ஆளுக்கு அடி வாங்கிக் கொடுக்கப் பார்த்தேன். கையை ஓங்கவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. பக்கத்தில் நின்றவரிடம் ஒரு கேள்வி கேட்டேன், அவ்வளவுதான்.

முதலில் இருந்தே சொல்லிவிடுகிறேன்.

சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. கருங்குழியில் இருக்கும் என் தங்கை மகன் தினேஷ், செங்கல்பட்டுக்கு வந்து என்னை பைக்கில் ஏற்றிக்கொண்டான். சிறுசேரியில் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறான். நல்ல பையன் – சில விஷயங்களைப் பேசாதவரை.

பந்தியில் உட்கார்ந்தோம். பரிமாறிய பையன்கள் எல்லோருமே வெளிமாநிலத்துக்காரர்கள். ஒருவன் வாளியோடு வந்து, "சாம்பார்... அண்ணா?" என்றான். அவன் அடுத்த இலைக்குப் போகும்வரை தினேஷ் காத்திருந்தான்.

"பாத்தீங்களா மாமா? சோறு போடறதுகூட அவனுங்கதான். என் ஃப்ரெண்டு அருள் டைல்ஸ் ஒட்டிகினு இருந்தான். இப்ப வூட்ல குந்திகினு கீறான். மேஸ்திரிக்கு அவனுங்கதான் வேணுமாம். கம்மிக் கூலி, எதிர்த்துக் கேள்வி கேக்கமாட்டானுங்க."

"அது மேஸ்திரி பண்ற தப்புடா."

"கம்பெனி ஷட்டில் பஸ்ல ஏறினா இந்தி. கேன்டீன்ல இந்தி. நம்ம ஊர்ல நாமதான் கெஸ்ட்டு மாதிரி கீறோம்."

நான் சும்மா இருப்பேனா? பேப்பரில் பத்தி எழுதுகிறவன் ஆயிற்றே. பாயசம் வருவதற்குள் ஒரு முழுப் பிரசங்கம் செய்து முடித்தேன். நம் ஆட்கள் துபாய்க்குப் போகவில்லையா? சிங்கப்பூருக்குப் போகவில்லையா? இந்த மாமல்லபுரமே ஒரு காலத்தில் எங்கெங்கிருந்தோ கப்பல்கள் வந்து நின்ற ஊர்தானே? எதிர் வரிசையில் ஒருவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். எனக்கு இன்னும் உற்சாகம் வந்துவிட்டது.

தினேஷ் அப்பளத்தை நொறுக்கினான். "நல்லாத்தான் மாமா சொல்றீங்க. பேப்பர்ல எழுதற மாதிரியே கீது."

"படிக்கிறியா?"

"அம்மா படிப்பாங்க."

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மனசு சுருங்கிவிட்டது என்று இந்த வாரம் எழுதிவிட வேண்டும் – கை கழுவும்போதே முடிவு செய்தேன். தலைப்புகூட யோசித்துவிட்டேன். வேண்டாம், அதை உங்களிடம் சொல்லமாட்டேன்.

மண்டபத்தில் இருந்து கிளம்பி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வந்தோம். பைக்குக்கு பெட்ரோல் போட வேண்டும். "நீங்க நெழல்ல நில்லுங்க மாமா, தோ வந்துர்றேன்" என்று இளநீர் வண்டி அருகில் என்னை இறக்கிவிட்டுப் போனான்.

சற்றுத் தள்ளி ஓர் இளைஞர் நின்றிருந்தார். பார்த்தவுடனே வடக்கு என்று தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள், அதுதான் விஷயமே. கூட நாலைந்து வயதில் ஒரு பெண் குழந்தை. அவர் கையைப் பிடித்து இழுக்க, அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் வரமாட்டேன் போ. உன்னாண்ட வரவே மாட்டேன். வுடு என்ன."

அசல் செங்கல்பட்டுத் தமிழ். அவரோ குனிந்து இந்தியில் என்னவோ சொல்கிறார். இந்திதானா என்றும் எனக்குத் தெரியாது.

தமிழ் பேசும் குழந்தை. தமிழ் பேசாத ஆள். வரமாட்டேன் என்று அழுகை... அன்று காலை எங்கள் குடும்ப வாட்ஸப் குரூப்பில் பிள்ளை பிடிப்பவர்கள் பற்றி ஒரு ஃபார்வர்டு வந்திருந்தது. "இதையெல்லாம் நம்பாதீர்கள்" என்று அதற்குக் கீழே அறிவுரை எழுதியவன் நான்தான்.

பக்கத்தில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன்: "ஏங்க, அது அவரோட குழந்தைதானா?"

அவர் திரும்பிப் பார்த்தார். பிறகு தன் பக்கத்தில் நின்றவரிடம், "அவன் கொழந்த மாதிரி தெரியலியேப்பா" என்றார். அவர் இன்னொருவரிடம், "தமிழ்க் கொழந்தப்பா அது" என்றார். அந்த இன்னொருவர் சத்தமாகவே சொன்னார்: "டேய், தூக்கினு போறான்டா." நான் போட்ட கேள்விக்குறி நடுவில் எங்கோ விழுந்துவிட்டது.

கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் அந்த இளைஞரின் காலரைப் பிடித்தார். அவர் கையில் இருந்த போன் கீழே விழுந்தது. "மேரா பேட்டி, மேரா பேட்டி" என்றார் அவர். "இன்னா பெட்டி?" என்று யாரோ கேட்க, சிலர் சிரித்தார்கள். பேட்டி என்றால் மகள் என்று தினேஷ் பிறகுதான் சொன்னான். ஒரு பெண்மணி குழந்தையைத் தூக்கி அந்தப் பக்கம் கொண்டுபோனார். அவ்வளவுதான், அது "அப்பா, அப்பா" என்று வீறிட்டது.

"பாவம், அப்பாவத் தேடுது" என்றார் பெண்மணி.

அப்போது நான் என்ன செய்தேன்? நல்ல கேள்வி. இளநீர் வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

தினேஷ் வந்துவிட்டான். "இன்னா மாமா கூட்டம்?"

"குழந்தையைக் கடத்துறானாம்" என்றேன்.

அந்த 'ஆம்' இருக்கிறதே... யாரோ சொல்லி நான் கேள்விப்பட்ட மாதிரி.

"யாரு சொன்னது?"

அவன் வண்டிக்கு ஸ்டாண்ட் போட்டுவிட்டு உள்ளே நுழைந்தான். அந்த ஆளிடம் போகவில்லை. நேராகக் குழந்தையிடம் போனான்.

"பாப்பா, உம்பேரு இன்னா?"

"ரியா."

"உங்கப்பா எங்க கீறாரு?"

காலர் பிடிபட்டு நின்றவரைக் குழந்தை கை காட்டியது.

"அப்பறம் ஏன் வரமாட்டேன்னு அழுத?"

"பஞ்சுமிட்டாய் வாங்கித் தரல."

அத்தனை பேரில் ஒருவருக்கும் குழந்தையிடம் கேட்கத் தோன்றவில்லை. ஆனாலும் ஒரு குரல் விடவில்லை. "சொல்லிக் குடுத்து வெச்சிருப்பான்."

தினேஷ் அவர் பக்கம் திரும்பினான். "அண்ணாத்த, பஞ்சுமிட்டாய்க்கு அழுவறதுக்கு ஒரு கொழந்தைக்குச் சொல்லிக் குடுக்கணுமா? உன் வூட்ல எதுவும் அழுததில்லியா?" காலரைப் பிடித்தவரிடம், "மொதல்ல கைய எடு" என்றான். கீழே கிடந்த போனை எடுத்துத் திரையைக் காட்டினான். அப்பா தோளில் ரியா உட்கார்ந்திருக்கும் படம்.

கூட்டம் கூடியதைவிட வேகமாகக் கலைந்தது. எல்லோருக்கும் திடீரென்று பஸ் வந்துவிட்டது.

தினேஷும் அவரும் இந்தியில் பேசிக்கொண்டார்கள். ரியா இங்கேயே பிறந்து, தெருப் பிள்ளைகளோடு விளையாடித் தமிழ் கற்றவளாம். அவர் தையூர்ப் பக்கம் டைல்ஸ் வேலை செய்கிறாராம். டைல்ஸ் என்றதும் நான் தினேஷின் முகத்தைப் பார்த்தேன். அவன் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை.

"உனக்கு எப்படிடா இந்தி வந்தது?"

"ஷட்டில்ல சண்ட போட்டுப் போட்டே வந்துச்சு மாமா."

எனக்கு வெளிமாநிலத்தவர் அத்தனை பேரையும் பிடிக்கும். அவர்களில் ஒருவரையும் தெரியாது. தினேஷுக்கு அவர்கள் வருவது பிடிக்காது. ஆனால் சண்டை போடவாவது அவர்களோடு பேசியிருக்கிறான். ஆபத்துக்கு உதவியது அவனுடைய சண்டைதான், என் பிரியம் அல்ல.

"தினேஷ், நான்தான் முதல்ல கேள்வி கேட்டேன். மன்னிச்சிக்கச் சொல்லு அவர்கிட்ட."

அவன் தலையாட்டினான். பிறகு அவரிடம் ஏதோ சொன்னான். சட்டையில் மேல் பட்டன் இல்லாமல் நின்ற அந்த மனிதர், என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, "தேங்க் யூ அங்கிள்" என்றார். எவ்வளவு பெருந்தன்மை என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

திருக்கழுக்குன்றம் ரோட்டில் பாதி தூரம் போன பிறகுதான் உறைத்தது. மன்னிப்புக் கேட்டால் யாராவது நன்றி சொல்வார்களா?

"டேய், அவர்கிட்ட நீ என்ன சொன்ன?"

"நீங்கதான் அவர காப்பாத்தச் சொல்லி என்ன கூப்ட்டீங்கன்னு சொன்னேன்."

"ஏன்டா?"

"வெள்ள சட்ட போட்டுகினு டீசன்ட்டா நிக்கற பெரியவங்கதான் கெளப்பி வுட்டாங்கன்னு தெரிஞ்சா, அந்த ஆளு இனிமே கொழந்தைய வெளிய கூட்டினு வருவாரா மாமா?"

"மத்தியானம் வேற மாதிரி பேசினியே."

"இப்பவும் அதான் சொல்றேன். அருளுக்கு வேல இல்ல. அத மேஸ்திரியாண்ட கேப்பேன். கொழந்தயோட நிக்கறவன்கிட்ட இன்னா கேக்கறது?"

வண்டியைத் திருப்பச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே திருப்பினான். பஸ் ஸ்டாண்டில் அவர்கள் இல்லை. போய்விட்டிருந்தார்கள்.

தையூர்ப் பக்கம் ரியாவின் அப்பாவைப் பார்க்கிற வாசகர்கள், தயவுசெய்து உண்மையைச் சொல்லிவிடுங்கள். இந்தியில் சொல்ல வேண்டும். எனக்குத்தான் தெரியாதே.