அரிசி வாளிக்குள் ஸ்பீக்கர் வயர்

போன கிழமை கொழும்பு காலி வீதியில் ஒரு கடைக்குள் மழைக்கு ஒதுங்கினேன். ஒதுங்கியவனை விற்பனையாளர் விடவில்லை. குட்டிப் பாம்பு போன்ற ஒரு கரண்ட் வயரைக் கையில் தந்து, "இதப் போட்டா பாட்டுல இருக்கிற இரைச்சல் எல்லாம் போயிரும் அங்கிள்" என்றார். அண்ணன் என்றிருந்தால் ஒருவேளை வாங்கியிருப்பேன். புது ரப்பர் மணம் மூக்கில் ஏறியதுதான் தாமதம், என் கை தன்பாட்டில் சட்டைப்பையைத் தடவி அடையாள அட்டையைத் தேடியது. யுத்தம் முடிந்ததைக் கைக்கு யாரும் அறிவிக்கவில்லை.

அந்த மணம் எனக்கு வெள்ளவத்தை மணம். யுத்த காலத்தில் அங்கே கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் நானும் கூட்டாளி சிவாவும் ஓர் அறை எடுத்திருந்தோம். கட்டில் ஆடும், மின்விசிறி முனகும். ஆனால் அம்ப்ளிபயரும் ஸ்பீக்கர்களும் ராசா வீட்டுப் பிள்ளைகள். அவற்றை இணைக்கப் பெருவிரல் தடிப்பில் ஒரு வயர் வாங்கி வந்தேன். பாட்டில் பாஸ் ஆழமாய் இறங்கும், வயலின் துலங்கும் என்று கடைக்காரர் சொன்னதை அப்படியே சிவாவிடம் ஒப்புவித்தேன்.

"ஸ்பீக்கர் கைக்கெட்டின தூரத்தில கிடக்கு. இதுக்கேன் மச்சான் யானைத் தும்பிக்கை? ஒரு வித்தியாசமும் இல்லை. உனக்கு விசர்."

சிவா மின்சாரம் படித்தவன். ஞாயிறு தோறும் பழைய மெல்லிய வயரையும் இதையும் மாற்றி மாற்றிப் பூட்டிச் சண்டை பிடிப்போம்.

அப்படியொரு ஞாயிறு காலையில்தான் ஆமிக்காரர் ஒழுங்கையைச் சுற்றி வளைத்தார்கள். தமிழ்ப் பெடியன் அறையில் இப்படியொரு வயர் இருந்தால், குண்டுக்கில்லை, பாட்டுக் கேட்கத்தான் என்று யார் நம்புவார்? நீங்களே சொல்லுங்கள். வயரைப் பிடுங்கினேன்.

"டேய், பூட்டினபடி விடு! ஒளிச்சாத்தான் பிழை" என்று சிவா கத்தினான். அதற்குள் நான் அரிசி வாளிக்குள் அதைப் புதைத்து, மேலே அளக்கும் சுண்டையும் வைத்துவிட்டேன். என் புத்திசாலித்தனத்தில் எனக்கே பெருமை.

வந்த அதிகாரி நேரே அரிசிக்குள் கையை விட்டார்.

"மே மொகக்த?" இது என்ன என்கிறார்.

"வயர், சேர். சத்தே ஹொந்தாய்."

சத்தம் நல்லாயிருக்கும் என்றேன். என்னிடமிருந்த சிங்களம் அவ்வளவுதான், அதுவும் நடுங்கியது. அரிசிக்குள் வைத்தால் இன்னும் நல்லாயிருக்குமோ என்று அவர் கேட்க, கூட வந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நான் பாதி சிரித்தேன்.

போட்டுக் காட்டச் சொன்னார். முதலில் மெல்லிய வயரில், பிறகு இதில். வித்தியாசம் கேட்டால் நான் பாட்டுப் பைத்தியம். கேட்காவிட்டால் ஜீப்பில் ஏற வேண்டியதுதான். கைக்கு அகப்பட்டது நாதஸ்வரக் கசெட். சுற்றிவளைப்புக்கு நடுவே கல்யாண வீடு தொடங்கியது. வயரை மாற்றும்போது கடலோரத் தண்டவாளத்தில் கோச்சி போனது. அது போய் முடியும்வரை அதிகாரி கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்திவைத்தார். பிறகு தடித்த வயரில் அதே நாதஸ்வரம். என் நெஞ்சிடிப்பைத் தவிர எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அதிகாரி சிவாவிடம் திரும்பி, வித்தியாசம் கேட்டதா என்றார்.

இல்லை, இல்லை என்றே அடித்துச் சொல்லிவந்த வாய். சிவா என்னைப் பார்த்தான், ஸ்பீக்கரைப் பார்த்தான்.

"லொக்கு வெனசக், சேர்." பெரிய வித்தியாசமாம்!

அதிகாரி பெருமூச்சு விட்டார். தன் தம்பிக்கும் இதே வருத்தம்தான், மருந்தில்லை என்று சொல்லி, வயரைக் கட்டிலில் எறிந்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

உயிர் திரும்பியதும் கேட்டேன்: "மச்சான், உண்மையா கேட்டதோ?"

"கேட்டது" என்றான், சிந்திய அரிசியைக் கூட்டியபடி.

அதற்குப் பிறகு நான் வயர் வாங்கினாலும் சரி, தங்கப் பூச்சுப் பிளக் வாங்கினாலும் சரி, "நல்லாயிருக்கு மச்சான்" மட்டும்தான். வலிந்து இழுத்தாலும் சண்டைக்கு வரமாட்டான். மறுபடி யாரும் வந்து கேட்டால் வாய் மாறிவிடக் கூடாதே என்றுதான் அவன் அப்படிப் பழகிக்கொண்டான் என்பது எனக்கு விளங்க வெகுகாலம் பிடித்தது.

சிவா கனடாவுக்குப் போய்விட்டான். அந்த வீடு நின்ற இடத்தில் மாடிகள் அடுக்கி நிற்கின்றன. நானும் எத்தனையோ வயர் மாற்றிவிட்டேன். எல்லாவற்றிலும் பாஸ் இறங்குகிறது, வயலின் துலங்குகிறது. முகத்துக்கு நேரே வித்தியாசம் இல்லையென்று சொல்ல ஒருவன் இல்லாத வீட்டில் எல்லா வயரும் நல்ல வயர்தான்.