பித்தளைக் கற்களில் வைத்த பொட்டு

ஜேர்மனியின் ஹம் நகரில் நாங்கள் குடியிருந்த வீட்டின் முன்னால், நடைபாதையில் மேலே பித்தளைத் தகடு போர்த்திய ஐந்து கற்கள் பதித்திருந்தார்கள். உள்ளங்கை அளவுதான். முன்பு அதே வீட்டில் இருந்த ஒரு யூதக் குடும்பத்தின் பெயர்கள் அவற்றில் இருந்தன. தாய், தகப்பன், ஒரு மகள், இரண்டு மகன்மார். என் மகள்தான் வாசித்துச் சொன்னாள். மிச்சக் கதையை அவளுக்குச் சொன்னவர் கீழ்வீட்டு ஜேர்மன் ஆசிரியை. கற்களைப் பதிப்பதற்கு அலைந்து திரிந்தவரும் அவர்தான்.

அந்த மகன்மாரின் அக்காவைப் பதின்மூன்று வயதில் வேறு பிள்ளைகளோடு ரயிலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்களாம். தம்பிமாருக்கும் அனுமதி வரும் என்று பெற்றோர் காத்திருக்க, போர் தொடங்கிவிட்டது. பிறகு நால்வரையும் கிழக்கே கொண்டுபோய்க் கொன்றார்கள். சின்னவனுக்கு அப்போது ஒன்பது வயது. அக்காவின் கல்லில் மட்டும் 'உயிர் தப்பினார்' என்று இருந்தது.

கல் பதித்த இலையுதிர்காலத்தில் அந்த அக்காவால் வர முடியவில்லை. காலில் சத்திரசிகிச்சை. அடுத்த கோடையில், ஜேர்மனியில் உதைபந்தாட்ட உலகக் கிண்ணம் நடந்து யன்னலெல்லாம் கொடி தொங்கிய நாட்களில், ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதாக அறிவித்தார். எண்பது வயது. இனி ஒருமுறை வருவாரோ தெரியாது என்று ஆசிரியை என் மகளிடம் சொன்னார். கற்களோ குளிர்காலத்து உப்பிலும் சேற்றிலும் கறுத்துக் கிடந்தன.

அந்த வாரம் படியும் நடைபாதையும் கூட்டுவது எங்கள் முறை. வெள்ளிக்கிழமை காலை சாமி விளக்கைப் புளி போட்டு மினுக்கினேன். புளி மிஞ்சியது. தட்டத்தோடு கீழே கொண்டுபோய் ஐந்து கற்களையும் தேய்த்தேன். பொன் மாதிரி வந்தன. கழுவித் துணியால் துடைத்தேன். தட்டத்தில் குங்குமச் சிமிழும் இருந்தது. விளக்கு மினுக்கினால் பொட்டு வைத்துத்தானே எழும்புவோம். என் கை தன்பாட்டில் ஐந்து கற்களுக்கும் பொட்டு வைத்தது. அதில் பிழை இருப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை. வேலைக்குப் போய்விட்டேன்.

நாலு மணிக்குத் திரும்பி வரும்போது வாசலில் ஆட்கள். பகலில் தூறிய மழையில் குங்குமம் கரைந்து, பெயர்களுக்கு மேலால் சிவப்பாக வழிந்திருந்தது. இரத்தம் மாதிரி. ஆசிரியை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். யூதரை வெறுக்கிறவர்கள் யாரோ செய்த வேலை, பொலிஸைக் கூப்பிட வேண்டும் என்று ஒருவர் கைத்தொலைபேசியை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை வரப்போகிற அந்த அம்மாவை இனி எந்த முகத்தோடு வரச் சொல்வது என்று ஆசிரியை கேட்டார்.

நான் பேசாமல் படியேறிப் போயிருக்கலாம். ஒருவரும் என்னைச் சந்தேகித்திருக்கமாட்டார்கள். பன்னிரண்டு வருடமாக அந்த வீட்டில் வணக்கம் சொன்னதைத் தவிர நான் யாரோடும் பேசியதில்லை. பத்தாம் வகுப்போடு நின்றவள், டொச் என்று நாங்கள் சொல்லும் ஜேர்மன் மொழியும் வேலையிடத்தில் பழகியதுதான். ஆனால் நான் போனால் அந்த அக்கா வராமல் விட்டுவிடுவார்.

"அதை நான்தான் வைச்சனான்," என்று டொச்சில் சொன்னேன். புளி, விளக்கு, வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் தெரிந்த சொற்களில் சொன்னேன். பொட்டு வைக்காவிட்டால் எங்களுக்கு அந்த வேலை முடிந்ததாக இல்லை என்றும் சொன்னேன். கைத்தொலைபேசி பைக்குள் போனது. ஆசிரியை குனிந்து என்னோடு சேர்ந்து துடைத்தார்.

அன்று பின்னேரம் என் கணவர் சிரித்தார். "குங்குமம் வைச்சதுக்குப் பொலிஸ் பிடிச்சுதெண்டா, வழக்குப் பேச கோயில் அம்மாளாச்சிதான் வரவேணும்." மகள் யன்னலால் பார்த்திருக்கிறாள். "அம்மா, நீங்கள் டொச்சிலை இவ்வளவு கதைப்பியளோ?" என்று மட்டும் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அந்த அக்கா ஊன்றுகோலோடு வந்தார். பதினைந்து பேர் நின்றோம். ஆசிரியை பொட்டுக் கதையைச் சொல்ல, நான் ஆட்களுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அந்த அக்கா என்னைத் தேடி முன்னுக்குக் கூப்பிட்டார். மறந்துபோன டொச்சில் நிறுத்தி நிறுத்திப் பேசினார். என் தமிழில் சொன்னால் இதுதான்: "எங்கட வீட்டிலையும் வெள்ளிக்கிழமைதான். பொழுதுபட அம்மா மெழுகுதிரி ஏத்துவா. அதுக்கு முதல் திரி வைக்கிற பித்தளைத் தண்டுகளை மினுக்கிறது என்ரை வேலை. துணி பிடிக்கிறது சின்னவன். பெரியவன் அதைப் பறிச்சுக்கொண்டு ஓடுவான்."

பிறகு, தன் முன்னால் ஒருமுறை மினுக்கிக் காட்டச் சொன்னார். மகள் ஓடிப்போய்ப் புளியும் ஒரு சின்ன முக்காலியும் கொண்டுவந்தாள். நான் தேய்த்துக் கழுவ, அவர் முக்காலியில் இருந்து குனிந்து தம்பிமாரின் கற்களைத் துடைத்தார். சின்னவனுடையதை நெடுநேரம் துடைத்தார். நிமிர்ந்து, வேலை முடிந்ததா என்று என்னைக் கேட்டார்.

சிமிழை நான் மேலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன்.

"ஓம், முடிஞ்சுது," என்றேன்.

அங்கிருந்து வீடு மாறும்வரை, கூட்டும் முறை யாருடையதாக இருந்தாலும், வெள்ளிக்கிழமைகளில் அவற்றை நானே மினுக்கினேன். அந்த வீதியிலேயே அதிகம் மினுங்கியவை எங்கள் வாசலில் இருந்த ஐந்து கற்கள்தான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.